முற்றத்துக்கு வந்த ஆபத்து

சென்ற வாரம் புதுவையில் நண்பர் ஒருவர் இல்லத்துக்குப் போயிருந்தேன். கால்வாய்க்கு மேற்கே, திண்ணையும் தாழ்வாரமும் முற்றமுமாக அமைந்த பழைய தமிழர் வீடு. வாசலிலே குழல்மணி ஒன்று ஆடிக்கொண்டிருந்தது.

"இதென்ன ஐயா?" என்றேன்.

"பெங்சூயி! முற்றத்தை மூடித் தளம் போட்டு, இதையும் மாட்டினால் லக்ஷ்மி நிலைப்பாளென்று நிபுணர் ஒருவர் சொல்கிறார்" என்றார்.

நேயர்களே, அச்சீனச் சொல்லுக்குக் 'காற்றும் நீரும்' என்பது பொருள். 324-ல் மறைந்த குவோ பூ என்பவர் பெயரால் வழங்கும் பழைய நூலொன்று, மூதாதையரை அடக்கம் செய்ய நல்ல நிலம் தேர்வதைத்தான் பேசுகிறது. குழல்மணியும் சிரிக்கும் புத்தரும் நம் கடைவீதிக்கு வந்தது நேற்றைய சங்கதி.

நமக்கும் மனை நூல்கள் உண்டு. அவற்றுள் தலையாயது மயமதம். வடமொழியில் இருப்பினும் தென்னாட்டுச் சிற்பிகளின் மரபைச் சொல்வது. வேடிக்கை என்னவென்றால், புரூனோ தாகென்ஸ் என்னும் அறிஞர் அதைப் பிரெஞ்சு மொழிபெயர்ப்புடன் பதிப்பிக்க, 1970-லும் 1976-லும் இரு பாகங்களாக வெளிவந்தது இதே புதுவையில்தான்! மனையை 64 அல்லது 81 பதங்களாகப் பகுத்து, நடுவிடத்தைப் பிரமனுக்கு விடுகிறது அந்நூல். நம் வீடுகளில் அந்த நடுவிடம் வானத்துக்குத் திறந்த முற்றமாயிற்று. வெயிலிற் சூடேறிய காற்று அதன் வழியே மேலெழ, தெருப்பக்கத்துக் காற்று ரேழி வழியாக உள்ளே வருகிறது. மழையும் அங்கேதான் இறங்குகிறது. காற்றுக்கும் நீருக்கும் வேறென்ன வேண்டும்?

வாசலின் திசையோ வீட்டுக்காரர் கையில் இல்லை. 1693 முதல் 1699 வரை ஊரை ஆண்ட ஒல்லாந்தர் வகுத்த நேர்கோட்டு வீதிகள் அதைத் தீர்மானித்துவிட்டன. ஏழடி அறை தரித்திரம், எட்டடி பாக்கியம் என்கிறதே மனையடி சாஸ்திரம், அது எந்த அடி? பிரெஞ்சு அரசரடி ஆங்கில அடியைவிட ஏறக்குறைய முக்கால் அங்குலம் நீளம். அதனால் அளந்தால் எட்டடிப் பாக்கியம் ஆங்கில அடியில் எட்டரையாகிவிடும்! மயமதமோ 24 அங்குல முழக்கோலைச் சொல்கிறது.

அந்நியப் பாணியைக் கலக்கவே கூடாதென்று நான் வாதிக்கவில்லை. 1738-ல் எழுந்த ஆனந்தரங்கப் பிள்ளை மாளிகையில் கீழே நம் நாட்டு மரத்தூண்கள், மேலே பிரெஞ்சுப் பாணித் தூண்கள். ஆனால் பிள்ளையவர்கள் முற்றத்தை மூடவில்லை.

இவ்வளவையும் சொன்னேன். நண்பர் மணியையே பார்த்துக்கொண்டிருந்தார். காபி கொண்டுவந்த அவர் மனைவியார், "மூடிவிட்டால் வடாம் எங்கே காயவைப்பது?" என்று கேட்டார்.

அதற்கு அவர் பதில் சொல்லவில்லை. கொத்தனார் வெள்ளிக்கிழமை வருகிறாராம்.