வீட்டு கம்ப்யூட்டருக்குக் காசு கொடுத்து ஆன்டிவைரஸ் வாங்கணுமா?

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம். திருச்சியிலிருந்து பெரியப்பா போன். "ஏம்மா, கம்ப்யூட்டர்ல ஆன்டிவைரஸ் காலாவதி ஆயிடுச்சாம். அஞ்சு வைரஸ் இருக்குன்னு சிவப்பா காட்டுது. ரினியூ பண்ண கார்டு நம்பர் கேக்குது. போட்டுடவா?"

கையில் டெபிட் கார்டோடு உட்கார்ந்திருக்கிறார். பென்ஷன் வரும் கணக்கின் கார்டு.

எனக்குத் தெரிந்து பெரியப்பா எந்த ஆன்டிவைரஸும் வாங்கியதே இல்லை. வாங்காதது எப்படிக் காலாவதியாகும்? "இருங்க பெரியப்பா, எதையும் தொடாதீங்க" என்று சொல்லிவிட்டு, வீடியோ காலில் திரையைக் காட்டச் சொன்னேன். வலது பக்கம் கீழ் மூலையில் ஒரு பெட்டி. அதில் பிரபலமான ஆன்டிவைரஸ் ஒன்றின் லோகோ மாதிரியே ஒரு லோகோ. ஆனால் பொடி எழுத்தில் 'கூகுள் குரோம்' என்றும், பக்கத்தில் வாயில் நுழையாத ஓர் இணையதளத்தின் பெயரும் இருந்தது.

விஷயம் இதுதான். எப்போதோ பஞ்சாங்கம் பார்க்கப் போன இடத்தில் 'நோட்டிஃபிகேஷன் அனுப்பலாமா?' என்று ஒரு தளம் கேட்டிருக்கிறது. பெரியப்பா 'அலவ்' கொடுத்துவிட்டார். அந்தத் தளம்தான் நாள் தவறாமல் இப்படி மிரட்டிக்கொண்டிருந்தது. குரோம் செட்டிங்ஸில் நோட்டிஃபிகேஷன் பகுதிக்குப் போய் அந்த அனுமதியை நீக்கினோம். இரண்டு நிமிட வேலை. ஐந்து வைரஸும் மாயம்!

"சரிம்மா, இருந்தாலும் நிஜமாவே ஒண்ணு வாங்கிப் போட்டுடலாமா?" என்றார் பெரியப்பா. இந்தப் பகுதிக்கு வரும் மெயில்களிலும் அடிக்கடி இருக்கும் கேள்வி இது.

விண்டோஸ் 11 இருக்கும் வீட்டு கம்ப்யூட்டர் என்றால், என் பதில்: வேண்டாம்.

ஆன்டிவைரஸ் சிடி வாங்காமல் கம்ப்யூட்டரை வீட்டுக்குக் கொண்டுவரவே கூடாது என்று ஒரு காலம் இருந்தது. விண்டோஸ் எக்ஸ்பி காலத்தில் அது நியாயம்தான். 2009-ல் மைக்ரோசாஃப்ட் 'செக்யூரிட்டி எசென்ஷியல்ஸ்' என்று இலவசமாக ஒன்றைக் கொடுத்தது. அதை நாம்தான் தேடிப்போய் டவுன்லோடு செய்ய வேண்டும். 2012-ல் வந்த விண்டோஸ் 8-லிருந்து 'டிஃபெண்டர்' என்ற பெயரில் ஆன்டிவைரஸ் விண்டோஸோடு சேர்ந்தே வருகிறது. ஆரம்பத்தில் இதைப் பலரும் கிண்டல் செய்தார்கள். இப்போது ஜெர்மனியின் ஏவி-டெஸ்ட் ஆய்வகம் நடத்தும் சோதனைகளில், காசு வாங்கும் மென்பொருள்களுக்குச் சமமாக ஆறுக்கு ஆறு மதிப்பெண்ணைப் பல தடவை வாங்கிவிட்டது.

அதற்காகக் குறையே இல்லை என்று சொல்லவில்லை. சந்தேகமான ஃபைல் ஒன்று வந்தால், டிஃபெண்டர் இணையம் வழியாக மைக்ரோசாஃப்ட் சர்வரைக் கேட்டுத்தான் பெரும்பாலும் முடிவெடுக்கும். நெட் இல்லாதபோது அதன் பிடி தளர்கிறது என்பதை ஆஸ்திரியாவின் ஏவி-கம்பாரேட்டிவ்ஸ் சோதனைகள் காட்டியிருக்கின்றன. எனவே, ஜெராக்ஸ் கடையில் செருகிய பென் டிரைவை வீட்டில் செருகும் முன்பு வைஃபை ஆன் செய்துவிடுங்கள். நம் ஊரில் வைரஸ் வீடு மாறுவதற்கு ஜெராக்ஸ் கடை பென் டிரைவைவிட வசதியான வண்டி கிடையாது.

'ஒன்றுக்கு இரண்டு இருந்தால் நல்லதுதானே' என்று நினைப்பவர்களுக்கு: வேறொரு ஆன்டிவைரஸை நிறுவினால் டிஃபெண்டர் தானாக ஒதுங்கிக்கொள்ளும். பாதுகாப்பு இரட்டிப்பாகாது. புது லேப்டாப்போடு வந்த சில மாத இலவச ஆன்டிவைரஸ் முடிந்துபோய், இப்போது எது காவல் இருக்கிறது என்றே தெரியாமல் இருப்பவர்கள் நிறைய. ஸ்டார்ட் மெனுவில் 'விண்டோஸ் செக்யூரிட்டி' என்று தேடித் திறந்து பாருங்கள். பச்சை டிக் இருந்தால் நிம்மதி. பழைய ஆன்டிவைரஸின் பெயர் தொங்கிக்கொண்டிருந்தால் அதை அன்இன்ஸ்டால் செய்துவிடுங்கள். டிஃபெண்டர் மறுபடி வேலைக்கு வந்துவிடும்.

இலவச ஆன்டிவைரஸ் பற்றியும் ஒரு வார்த்தை. அவாஸ்ட் நிறுவனம், தன் பயனாளர்கள் எந்தெந்தத் தளத்துக்குப் போகிறார்கள் என்ற தகவலை 'ஜம்ப்ஷாட்' என்ற துணை நிறுவனம் மூலம் விற்றது 2020-ல் அம்பலமானது. 2024-ல் அமெரிக்காவின் ஃபெடரல் டிரேட் கமிஷன் இதற்காக 1.65 கோடி டாலர் கட்டச் சொன்னது. காவலுக்கு வைத்தவரே வீட்டுக்குள் நடப்பதை வெளியே விற்ற கதை.

விண்டோஸ் 10 வைத்திருப்பவர்கள் மட்டும் இங்கே கொஞ்சம் கவனியுங்கள். 2025 அக்டோபர் 14-ம் தேதியோடு அதற்கான வழக்கமான அப்டேட்கள் நின்றுவிட்டன. ஓராண்டு நீட்டிப்புத் திட்டத்தில் பதிவு செய்தால் பாதுகாப்பு அப்டேட் வரும். பதிவு செய்யாமல், காசு கொடுத்து ஆன்டிவைரஸ் போட்டுச் சமாளிக்கலாம் என்று நினைத்தால் அது சரிவராது. 2017 மே மாதம் உலகையே ஆட்டிய 'வான்னாக்ரை' நினைவிருக்கிறதா? அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட் மார்ச் மாதமே வந்துவிட்டது. மாட்டிக்கொண்டவர்கள், அதைப் போடாமல் விட்டவர்கள். கூரையில் இருக்கும் ஓட்டையை வாசல் பூட்டு அடைக்காது.

இனி, எந்த ஆன்டிவைரஸும் தடுக்காத விஷயத்துக்கு வருகிறேன். 'பேங்க்லேர்ந்து பேசுறேன், எனிடெஸ்க் போடுங்க சார்' என்று ஒருவர் சொல்ல, நாமே அதைப் போட்டு, நாமே அந்த எண்ணைப் படித்துச் சொன்னால் கம்ப்யூட்டர் என்ன செய்யும்? எனிடெஸ்க் வைரஸ் இல்லையே, நல்ல மென்பொருள்தான். அதேபோல, ஓசியில் கிடைக்கும் கிராக் சாஃப்ட்வேர். 'இன்ஸ்டால் செய்யும் முன்பு ஆன்டிவைரஸை ஆஃப் செய்யவும்' என்று அதிலேயே எழுதியிருக்கும். திருடன் வருவதற்கு முன்பு நாயைக் கட்டிப்போடச் சொல்வது போல! நாமும் கட்டிப்போடுகிறோம். பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டுகள் எல்லாம் மொத்தமாகப் போய்விடும்.

பெரியப்பாவிடம், ஆன்டிவைரஸுக்கு வைத்திருந்த காசோடு கொஞ்சம் சேர்த்து ஒரு எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க் வாங்கச் சொன்னேன். அக்கா கல்யாண போட்டோக்களும் தாத்தாவின் ஒரே ஒரு வீடியோவும் அந்த ஒரு கம்ப்யூட்டரில்தான் இருக்கின்றன. ரான்சம்வேர் வந்து பூட்டினால் வேறு பிரதி கிடையாது. மாதம் ஒருமுறை காப்பி எடுத்ததும் ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி பீரோவில் வைத்துவிட வேண்டும். செருகியபடியே விட்டால் அதையும் சேர்த்துப் பூட்டிவிடும். விண்டோஸ் செக்யூரிட்டியில் 'ரான்சம்வேர் புரொடெக்‌ஷன்' என்று ஒன்று இருக்கிறது. பெரும்பாலும் ஆஃப் ஆகத்தான் இருக்கும். அதையும் ஆன் செய்தோம்.

ஒருவேளை ஏற்கெனவே அப்படியொரு சிவப்புப் பெட்டியில் கார்டு நம்பரைப் போட்டிருந்தால், யோசிக்காமல் கார்டை பிளாக் செய்யுங்கள். பணம் போயிருந்தால் உடனே 1930-க்கு போன் செய்யுங்கள். ராத்திரியாக இருந்தாலும் பரவாயில்லை, விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

ஹார்ட் டிஸ்க் வாங்கப் போன கடையில், "ஆன்டிவைரஸும் சேர்த்துப் போட்டுடவா சார்?" என்று கேட்டாராம் கடைப் பையன். பெரியப்பா அவனை உட்காரவைத்து அரை மணி நேரம் வகுப்பு எடுத்துவிட்டு வந்திருக்கிறார். ரிட்டயர்டு கணக்கு வாத்தியார் இல்லையா!