குதிரைகள் செல்லும் சாலை

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் பென்சில்வேனியா மாநிலத்தைச் சேர்ந்தது லங்காஸ்டர் மாவட்டம். ஃபிலடெல்பியா நகரிலிருந்து மேற்கு நோக்கிக் காரில் புறப்படுவோர் ஏறத்தாழ இரண்டு மணி நேரத்தில் அதனை அடையலாம். அங்குப் பெருஞ்சாலையை விட்டுப் பழைய ஃபிலடெல்பியாச் சாலையில் திரும்பியதும் காட்சி மாறுகிறது. அலை அலையாக ஏறி இறங்கும் நிலத்தில் மக்காச்சோளமும் குதிரைமசாலும் பச்சைப் பட்டை விரித்தாற்போல் விளைந்துள்ளன. வெண்ணிறக் களஞ்சியங்களும், அவற்றை ஒட்டி உயர்ந்த தீவனக் கோபுரங்களும் தோன்றுகின்றன. சில ஓடைகளின்மேல் கூரை வேய்ந்த மரப்பாலங்கள் உள்ளன. பல வீடுகளுக்கு மின்கம்பி செல்லவில்லை. நமக்கு முன்னே சாம்பல் நிறக் கூண்டு வண்டியொன்றைக் குதிரை இழுத்துச் செல்கிறது.

இவ்வண்டிக்கு உரியோர் அமிஷ் மக்கள். ஐரோப்பாவில் சுவிட்சர்லாந்து, அல்சேஸ் பகுதிகளில் 1693-ஆம் ஆண்டளவில் ஜேக்கப் அம்மான் என்னும் சமயத் தலைவரைப் பின்பற்றித் தனித்துப் பிரிந்த கிறித்தவர் இவர். கொடுமைக்கு அஞ்சிய இவர்கள், சமய உரிமைக்கு இடமளித்த பென்சில்வேனியாவில் 18-ஆம் நூற்றாண்டில் குடியேறினர். இன்றும் தம்முள் ஒருவகை ஜெர்மன் மொழியே பேசுகின்றனர்.

இச்சாலையில் செல்வோர் பலர், பழங்காலம் இங்கே உறங்கிக் கிடக்கிறது என்று எண்ணி மகிழ்கின்றனர். அவ்வெண்ணம் பொருந்தாது என்பேன். இங்கே காலம் உறங்கவில்லை. மக்கள் விழித்திருந்து முடிவு செய்கின்றனர். முப்பது குடும்பங்கள் அளவுள்ள ஒவ்வொரு சபையும் ஆண்டுக்கு இருமுறை கூடி, எக்கருவி தகும், எது தகாது என்னும் ஒழுங்கை உறுதி செய்கிறது. வயலை உழக் கோவேறு கழுதைகளைப் பூட்டும் உழவர், வைக்கோல் கட்டும் பொறியில் மட்டும் எஞ்சினைப் பொருத்துகின்றனர். அப்பொறியையும் கழுதைகளே இழுக்கும். பாலைக் குளிர்விக்க டீசல் எஞ்சின் உண்டு. தொலைபேசி வீட்டினுள் இல்லை. வயலோரச் சிறு குடிலில் உள்ளது. காரை விலைக்கு வாங்கார்; பிறர் ஓட்டும் காரில் கூலி கொடுத்துச் செல்வர். இது முரண்பாடு என்று நகைப்போர் உளர். ஆனால் இதன் கணக்கு எளிது. வாசலில் கார் நின்றால் மகன் நெடுந்தொலைவு போய்விடுவான். டிராக்டர் வந்தால் ஒருவனே அண்டை நிலத்தையும் சேர்த்து உழுவான். அண்டை வீட்டாரின் உதவியும் வேண்டாததாகிவிடும். களஞ்சியம் எரிந்தால் ஊரே திரண்டு வந்து புதிது எழுப்பித் தரும் வழக்கம் அப்பொழுது எங்கே நிற்கும்? குதிரையால் இயன்ற அளவே நிலமும் விரிகிறது. ஆதலின் நாம் கண்டு வியக்கும் அந்தச் சிறு சிறு வயல்களின் அழகு, ஒரு மறுப்பினால் விளைந்த அழகாகும்.

அம்மறுப்புக்கு விலையும் உண்டு. இங்குப் பிள்ளைகள் எட்டாம் வகுப்புடன் பள்ளியை விடுகின்றனர். மாணவர்களே, உங்களில் பலர் அங்குப் பிறந்திருந்தால் இந்நேரம் கையில் புத்தகம் இராது. ஏரோ ஊசியோ இருக்கும். விஸ்கான்சின் மாநிலத்து அமிஷ் தந்தையர் மூவர் இதன் பொருட்டுத் தண்டம் விதிக்கப்பெற்று வழக்காடினர். 1972-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அவர்கள் பக்கமே தீர்ப்பளித்தது. ஆயினும் நீதிபதி வில்லியம் டக்ளஸ், பிள்ளைகளின் கருத்தையும் கேட்டறிதல் வேண்டும் என்று ஒரு பகுதியில் மாறுபட்டார். என் உள்ளம் அவர் பக்கமே சாய்கிறது. பெற்றோரின் உரிமை பெரிதே. எனினும் மருத்துவராக விரும்பும் ஒரு சிறுமிக்கு அவ்வுரிமை அடைத்த கதவாகவும் ஆகலாம். அந்த எழில் வயலைக் காணுங்கால் இதனையும் மறவாது காணுதல் நேர்மை.

இனி, காண வருவோரைப் பற்றியும் ஒன்று கூற வேண்டும். அமைதியை நாடி வருவோரின் கார்களே அச்சாலையின் அமைதியைக் குலைக்கின்றன. குதிரை வண்டியின் வேகம் மணிக்குப் பத்து மைல் அளவே. அதன் பின்புறம் ஆரஞ்சு நிற முக்கோணம் இருந்தும், பொறுமையற்ற ஓட்டுநரால் விபத்துகள் நிகழ்கின்றன. உருவம் சமைத்தல் கூடாது என்னும் வேத கட்டளையை எண்ணிப் படத்திற்கு நிற்க மறுப்பவரை, மறைந்திருந்து படம் பிடிப்போரும் உளர். விலங்குக் காட்சிச்சாலையில்கூட நாம் இதனினும் அடக்கமாக நடந்துகொள்கிறோம்! நிலத்தின் விலையோ ஏறிவிட்டது. மக்கள் தொகையும் பெருகுவதால், இளைஞர் பலர் உழவை விட்டு மரத்தொழிற் பட்டறைகளுக்குச் செல்கின்றனர். சிலர் மலிவான நிலம் தேடிப் பிற மாநிலங்களில் குடியேறுகின்றனர்.

அங்குச் செல்ல நேர்வோர் கிளைச்சாலைகளில் மெல்லச் செல்லலாம். வீட்டு வாசலில் தக்காளியும் பழப்பாகும் விற்கும் சிறு கடைகளில் பொருள் வாங்கி, வீட்டாரோடு இரண்டு சொல் பேசலாம். ஞாயிற்றுக்கிழமை மட்டும் அக்கடைகள் திறவா. அன்று ஏதேனும் ஒரு பண்ணை வீட்டின் முன் சாம்பல் நிற வண்டிகள் வரிசையாக நிற்கும். அவர்கட்குத் தனிக் கோயில் இல்லை, அவ்வீடே அன்றைய வழிபாட்டிடம்.