ஸ்ட்ரெச்சர் தள்ளியது போதும். எக்ஸ்ரே அறைக்குள் நுழைவோம்!

சயான் மருத்துவமனையை அறியாத தாராவித் தமிழர் இல்லை. 1947-ல் தொடங்கிய அந்த மாநகராட்சி மருத்துவமனையில்தான் நம் பிள்ளைகள் பிறந்தார்கள். நம் பெரியவர்கள் பலர் கண்ணை மூடியதும் அங்கேதான். நம்மவர்கள் அங்கே வேலையும் பார்க்கிறார்கள். தரை துடைக்கிறார்கள், துணி வெளுக்கிறார்கள், ஸ்ட்ரெச்சர் தள்ளுகிறார்கள். அந்த வேலைகள் இழிவானவை என்று நாம் சொல்ல வரவில்லை. உழைத்து உண்பவனுக்கு எந்த வேலையும் இழிவல்ல. ஆனால், எக்ஸ்ரே அறையின் வாசல் வரைக்கும் நோயாளியைத் தள்ளிக்கொண்டு போகிற கை, அந்த அறைக்குள் இருக்கிற எந்திரத்தை இயக்கும் கையாக ஏன் மாறவில்லை? இதைத்தான் நாம் கேட்கிறோம்.

பம்பாய்க்கு வந்த தமிழர்களில் ஒரு பிரிவார் தட்டச்சும் சுருக்கெழுத்தும் கற்றுக்கொண்டு மாட்டுங்காவில் குடியேறி, கோட்டைப் பகுதி அலுவலகங்களில் அமர்ந்தார்கள். இன்னொரு பிரிவார் திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்து தாராவித் தோல் ஷெட்டுகளில் சுண்ணாம்புத் தொட்டியில் இறங்கினார்கள். தட்டச்சு எந்திரமும் போயிற்று, தோல் ஷெட்டுகளும் போயின. இன்று நம் வீடுகளில் பத்தாவது தேறிய பிள்ளைக்கு என்ன வழி சொல்கிறோம்? "டாக்டருக்குப் படிக்க வைக்க நம்மால் ஆகாது, காமர்ஸில் சேர்" என்கிறோம். டாக்டருக்கும் காமர்ஸுக்கும் நடுவே பத்துப் பன்னிரண்டு நல்ல தொழில்கள் இருக்கின்றன என்பதை நமக்குச் சொல்வார் யாருமில்லை. அவற்றில் ஒன்றை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறோம். அது எக்ஸ்ரே எடுக்கும் தொழில், ரேடியோகிராபர் வேலை.

எக்ஸ்ரேயைப் படித்து நோயைச் சொல்பவர் டாக்டர். படத்தைச் சரியாக எடுத்துக் கொடுப்பவர் ரேடியோகிராபர். "பொத்தானை அழுத்துவதுதானே, அதற்கென்ன படிப்பு?" என்று நினைப்பவர்கள் நம்மிலேயே உண்டு. நெஞ்சுப் படம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். நோயாளியைத் தட்டைப் பார்த்து நிறுத்தவேண்டும். மோவாய் மேலே, கைகள் இடுப்பில், தோள்கள் முன்னால் வளையவேண்டும். அப்போதுதான் தோள்பட்டை எலும்புகள் நுரையீரலை மறைக்காமல் விலகும். மூச்சை முழுக்க இழுத்துப் பிடித்த அந்தக் கணத்தில் கதிர் பாயவேண்டும். மூச்சு பாதியில் நின்றால் நுரையீரலின் அடிப்பகுதி ஒழுங்காகத் தெரியாது. ஆள் அசைந்தால் படம் கலங்கும். படுத்திருப்பவருக்கு முன்பக்கமிருந்து எடுத்தால் இதயம் உள்ளதைவிடப் பெரிதாகத் தெரியும். அதை அறிந்து குறித்து அனுப்பவேண்டும். வலது இடது அடையாளம் மாறினால் விளைவு என்னவென்று நாம் விளக்கத் தேவையில்லை. தாராவியில் காசநோய் எத்தனை குடும்பங்களைத் தின்றிருக்கிறது என்பதை அறிந்தவர்களுக்கு, கலங்கிய ஒரு நெஞ்சுப் படத்தின் விலை தெரியும்.

இன்னொன்று. "சாஸ் ரோக்கோ" என்று சொன்னால் ஊரிலிருந்து நேற்று வந்த நம் பாட்டிக்குப் புரியாது. "பாட்டி, மூச்சை நல்லா இழுத்து அப்படியே பிடிங்க" என்று சொல்ல அந்த அறையில் ஒரு ஆள் இருந்தால் ஒரே படத்தில் வேலை முடியும். இரண்டாவது முறை கதிர் பாயத் தேவையிருக்காது. நம் தெருப் பிள்ளை தமிழ், மராத்தி, இந்தி மூன்றையும் விளையாட்டிலேயே கற்றுக்கொள்கிறது. அதற்கு மார்க் போடுவார் இல்லையே தவிர, எக்ஸ்ரே அறையில் அதற்குப் பெரிய மதிப்பு உண்டு.

இவ்வளவையும் புத்தகத்தில் கற்க முடியுமா? முடியாது. உடல் உள்ளமைப்பையும் கதிர்வீச்சின் இயற்பியலையும் வகுப்பறையில் கற்கலாம். காலை முறித்துக்கொண்டு அலறுகிற மனிதனை, மேலும் வலிக்காமல் திருப்பிப் படுக்க வைப்பதை மருத்துவமனையில்தான் கற்க முடியும். அனுபவசாலி ஒருவர் பக்கத்தில் நின்று திருத்தவேண்டும். அது நூறு முறை, இருநூறு முறை நடக்கவேண்டும். வயதுப் பெண்ணிடம் கர்ப்பமா என்று கூச்சம் தராமல் கேட்கவும் ஒரு பழக்கம் வேண்டியிருக்கிறது. இந்தத் தொழிற்படிப்பின் உயிர் மருத்துவமனைப் பயிற்சிதான். பிரிட்டனில் பல்கலைக்கழகத்தில் படித்து, மருத்துவமனைகளில் பயிற்சி முடித்து, அரசுப் பதிவேட்டில் பெயர் ஏறாத எவரும் தம்மை ரேடியோகிராபர் என்று சொல்லிக்கொள்வதே சட்டப்படி குற்றம்.

இங்கே நிலைமை என்ன? ரயில் நிலையப் படிக்கட்டில் நோட்டீஸ் ஒட்டியிருக்கிறது: ஆறே மாதத்தில் எக்ஸ்ரே டெக்னீஷியன், வேலை உத்தரவாதம். மாடியில் ஒரு அறை, சுவரில் ஒரு எலும்புக்கூட்டுப் படம், மேசையில் ரசீதுப் புத்தகம். எக்ஸ்ரே எந்திரம் எங்கே என்று கேட்டால் "ஆஸ்பத்திரியில் காட்டுவோம்" என்கிறார்கள். எந்த ஆஸ்பத்திரி என்று கேட்டால் பதில் இல்லை. நகையை அடகு வைத்துக் கட்டிய பணம் அது. சான்றிதழைக் கையில் வாங்கியபின் எந்த நல்ல மருத்துவமனையும் அதை மதிப்பதில்லை. ஏதோ ஒரு சந்து கிளினிக் அரைச் சம்பளத்துக்கு எடுத்துக்கொள்கிறது, காப்பு அங்கியும் இல்லாமல், கதிர் அளவு காட்டும் பேட்ஜும் இல்லாமல்.

இதைத் தடுக்க விதியில்லையா? இருக்கிறது. அதை எழுதியவர்கள் நமக்கு அண்டை வீட்டுக்காரர்கள். 1983-ல் அமைக்கப்பட்ட அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் செம்பூரை அடுத்த அணுசக்தி நகரில்தான் இருக்கிறது. எக்ஸ்ரே எந்திரத்தை இயக்குபவர் பன்னிரண்டாம் வகுப்பில் அறிவியல் பாடங்கள் படித்துத் தேறி, குறைந்தது ஓராண்டு கதிர்ப்படப் பயிற்சியும், அதில் களப்பயிற்சியும் பெற்றிருக்கவேண்டும் என்கிறது வாரியத்தின் நெறி. ஆறு மாதக் கடை அங்கேயே அடிபட்டுப் போகிறது. 2021-ல் நாடாளுமன்றம் இத்தகைய மருத்துவத் துணைத் தொழில்களுக்கென்று தனிச்சட்டமே இயற்றியது. குறைந்தபட்சம் 2000 மணி நேரப் படிப்பு வேண்டும், பட்டம் பெற்ற நிபுணர் நிலைக்கு 3600 மணி நேரம் வேண்டும் என்று அந்தச் சட்டம் வகுத்தது. மாநிலங்கள் அசையவில்லை, 2024 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் கெடு வைக்கவேண்டியிருந்தது. சட்டம் ஏட்டில் இருக்கிறது, நோட்டீஸ் படிக்கட்டில் இருக்கிறது!

பயிற்சியில்லாமை யாரைக் கொல்லும் என்று கேட்பவர்கள் 2018 ஜனவரி 27-ஆம் நாள் இதே நகரின் நாயர் மருத்துவமனையில் நடந்ததை நினைத்துப் பார்க்கட்டும். நோயாளியுடன் துணைக்கு வந்த 32 வயது இளைஞர், ஆக்சிஜன் சிலிண்டரோடு எம்.ஆர்.ஐ. அறைக்குள் போனார். அந்த எந்திரத்தின் காந்தம் எப்போதும் விழித்திருக்கும். அது சிலிண்டரையும் அவரையும் சேர்த்து இழுத்தது, அவர் மாண்டார். அந்த வாசலில் இரும்பை நிறுத்தத் தெரிந்த ஆள் ஒருவர் காவல் நின்றிருந்தால் ஒரு உயிர் போயிருக்காது.

சரி, முறையான வழி எது? நாசிக்கைத் தலைமையிடமாகக் கொண்ட மகாராஷ்டிர சுகாதார அறிவியல் பல்கலைக்கழகத்தின் கீழ் பி.பி.எம்.டி. என்ற பட்டப்படிப்பு இருக்கிறது. மூன்றாண்டுப் படிப்பு, அதன்பின் மருத்துவமனையில் இன்டர்ன்ஷிப். பன்னிரண்டாவதில் இயற்பியல், வேதியியல், உயிரியல் வேண்டும். ஆகவே முடிவு பன்னிரண்டாவதில் அல்ல, பத்தாவது முடிந்த கோடை விடுமுறையிலேயே எடுக்கப்படுகிறது. பரேலில் 1941-ல் திறந்த டாடா நினைவு மருத்துவமனையும் இந்தத் துறையில் பயிற்சி தருகிறது. தாராவியிலிருந்து பரேல் எத்தனை தூரம்? தாதர் போய் அதற்கடுத்த ஸ்டேஷன்.

பெண் பிள்ளைகளைப் பற்றி ஒரு வார்த்தை. "கதிர் பட்டால் குழந்தை பிறக்காது" என்று தாய்மார்கள் அஞ்சுகிறார்கள். அச்சம் காரணமில்லாத அச்சமல்ல. எடிசனின் உதவியாளராக இருந்த கிளாரன்ஸ் டாலி எக்ஸ்ரேயோடு பழகிப் பழகிக் கைகளை இழந்து 1904-ல் இறந்தார். ஆனால் அது காப்பு என்னவென்றே தெரியாத காலம். இன்று ஊழியருக்கான வரம்பு ஐந்தாண்டுச் சராசரியில் ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட். எந்த ஒரு ஆண்டிலும் 30-ஐத் தாண்டக்கூடாது. கருவுற்றவர்களுக்கு அதைவிட மிகக் குறைந்த தனி வரம்பு இருக்கிறது. சுவருக்குப் பின்னால் நின்று, மார்பில் டி.எல்.டி. பேட்ஜ் அணிந்து, அது ஒழுங்காகக் கணக்குப் பார்க்கப்படும் இடத்தில் வேலை செய்பவர் பெரும்பாலும் இந்த வரம்புக்கு வெகு கீழேயே இருக்கிறார். தாய்மார்கள் அஞ்ச வேண்டியது எக்ஸ்ரேயைக் கண்டு அல்ல, பேட்ஜ் கொடுக்காத முதலாளியைக் கண்டு.

இனி, நம் நெஞ்சை அறுக்கிற செய்திக்கு வருகிறோம். தாராவித் தமிழரில் பெரும்பகுதியினர் ஒடுக்கப்பட்ட சமுதாயத்தைச் சேர்ந்தவர்கள். ஊரில் அவர்கள் தாழ்த்தப்பட்டோர் பட்டியலில் இருக்கிறார்கள். இங்கே? 1990-ல் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு ஒரு தீர்ப்பளித்தது. ஆந்திராவில் பழங்குடிப் பட்டியலில் உள்ள வகுப்பில் பிறந்து, சிறுவயதிலேயே தந்தையோடு பம்பாய் வந்து, இங்கேயே படித்த மாணவர் ஒருவர் இந்நகரின் மருத்துவக் கல்லூரிகளில் ஒதுக்கீடு கேட்டார். பட்டியல் உரிமை பிறந்த மாநிலத்தோடு நின்றுவிடும், குடிபெயர்ந்த மாநிலத்துக்கு உடன் வராது என்றது தீர்ப்பு. 1994-லும் அதுவே உறுதியாயிற்று. சாதி இழிவு மட்டும் மாநில எல்லையில் நிற்கவில்லை. அது நம்மோடு ரயிலேறி வந்து தாதரில் இறங்கியது. உரிமையைத்தான் வழியில் இறக்கிவிட்டார்கள்!

அப்படியானால் தமிழ்நாட்டுக்குப் போய்ப் படிக்கலாமே என்பீர்கள். சென்னை அரசு பொது மருத்துவமனையில் உள்ள பெர்னார்டு கதிரியக்க நிலையம் 1934 முதல் இத்துறையில் பெயர் பெற்றது, டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் கீழ் கதிர்ப்படத் துறையில் பட்டப்படிப்பும் இருக்கிறது. ஆனால் அங்கே பள்ளிப் படிப்பைப் பார்த்துவிட்டு, தமிழ்நாட்டைப் பூர்வீகமாகக் கொண்டவர் என்ற சான்றிதழ் கேட்கிறார்கள். பாட்டன் காலத்தில் ஊரை விட்டவன் எந்தத் தாலுகா அலுவலகத்தில் போய் நிற்பான்? இங்கே நாம் மதராசி. அங்கே நாம் பம்பாய்க்காரன்.

அந்த 1990 தீர்ப்பே, நாடாளுமன்றம் இதற்குத் தக்க சட்டம் செய்வதைப் பரிசீலிக்கலாம் என்றும் கூறியிருக்கிறது. அன்று முதல் எத்தனை தேர்தல்கள்! ஓட்டுக் கேட்டுத் தொண்ணூறடி ரோட்டில் தமிழில் பேசிய வேட்பாளர்கள் எத்தனை பேர்! இந்தச் சட்டத்தைப் பற்றி அவர்களிடம் கேட்டவர்கள் எத்தனை பேர்? அடுத்த முறை மேடையேறுகிறவரிடம் குடிநீரோடும் கழிப்பிடத்தோடும் இதையும் கேட்கவேண்டும்.

சட்டம் வரும்வரை கைகட்டி இருப்பதா? தாராவியிலும் செம்பூரிலும் நமக்குச் சங்கங்களுக்குக் குறைவில்லை. பொங்கல் விழாவுக்குப் பந்தல் போடுகிற அதே இளைஞர்கள், பத்தாவது தேர்வு முடிவு வருகிற வாரத்தில் ஒரு மேசை போட்டு உட்காரட்டும். அறிவியல் எடுக்கும் பிள்ளைக்கு ஜூனியர் காலேஜ் இரண்டாண்டு டியூஷன் செலவைச் சங்கம் ஏற்கட்டும். பயிற்சி நிலையத்தில் சேருமுன் பெற்றோருடன் ஒரு தொண்டர் போய் மூன்று கேள்வி கேட்கட்டும்: எந்தப் பல்கலைக்கழகம், எந்த மருத்துவமனை, அங்கே எத்தனை மணி நேரம்? பதிலை எழுத்தில் வாங்கிய பிறகு பணம் கட்டலாம்.

மகாராஷ்டிர ஒதுக்கீட்டில் பொதுப் பிரிவில் விண்ணப்பிப்பதற்கும் பதினைந்து ஆண்டு வசித்ததற்கான டொமிசைல் சான்றிதழ் வேண்டும். அதற்குக் கேட்கும் காகிதங்கள் நம்மிடம் இல்லாதவை அல்ல. தாராவி மறுசீரமைப்புத் திட்டத்தில் 2000 ஜனவரி முதல் தேதிக்கு முன் குடியிருந்ததைக் காட்டவேண்டும் என்பதற்காக ரேஷன் கார்டு, மின்சார பில், பள்ளிச் சான்றிதழ் எல்லாவற்றையும் ஒரு பிளாஸ்டிக் பையில் கட்டிப் பரணில் வைத்திருக்கிறோம். சர்வேக்காரர் வந்தால் இறக்குவோம் என்று காத்திருக்கிறோம். பிள்ளை பத்தாவது எழுதும் வீடுகளில் அந்தப் பையை இந்த மாதமே ஒருமுறை இறக்கி, டொமிசைலுக்கு மனுப் போடுங்கள். மனு எழுதத் தெரியாதவர்கள் ஞாயிற்றுக்கிழமை காலையில் சங்க அலுவலகத்துக்குப் பையோடு வந்தால் போதும்.