தலைவிதியா? பணிவிதியா?

"தண்ணியில்லாக் காட்டுக்கு மாற்றிவிடுவேன்!"

மேலதிகாரி தம் கீழ் உள்ளவரை மிரட்டத் தமிழ்நாட்டிலே நெடுங்காலமாய் வழங்கிவரும் வாசகம் இது. அலுவலகத் தாழ்வாரத்திலே கேட்டிருக்கிறோம், திரைப்படத்திலே கேட்டிருக்கிறோம், கேட்டுச் சிரித்தும் இருக்கிறோம். ஆனால் தோழர்களே, ஒரு கேள்வியை மட்டும் நாம் கேட்பதில்லை. அந்தத் தண்ணீரில்லாக் காட்டிலே குடியிருப்பவர் யார்? அவர் செய்த குற்றம் என்ன? நகரத்திலே தவறு செய்தவரை அவர் தலையிலே கட்டுவது எந்த ஊர் நீதி?

கள்ளக்குறிச்சிக்கு மேற்கே நிமிர்ந்து நிற்கிறது கல்வராயன் மலை. வெள்ளிமலை, கரியாலூர் என்று ஊர்கள். மலையாளி என்னும் பழங்குடி மக்கள். சாமையும் மரவள்ளியும் அவர்தம் பயிர்கள். கோமுகி ஆறு பிறப்பது அங்கே. கீழ்நாட்டு வயல்களை நனைப்பது அந்த ஆறு. தண்ணீரைத் தருகின்ற மலைக்கே தண்ணீரில்லாக் காடு என்று பெயர்! என்னே அதிகார அகராதி!

அந்த மலையையும் அதன் அடிவாரத்து நகரையும் நாடே திரும்பிப் பார்த்த நாள்கள் உண்டு. 2024 ஜூன் 18, 19 ஆகிய நாள்களில் கள்ளக்குறிச்சிக் கருணாபுரத்திலே மெத்தனால் கலந்த சாராயத்தைக் குடித்தவர்கள் கொத்துக் கொத்தாய் விழுந்தார்கள். மாண்டவர் 60-க்கும் மேற்பட்டோர். காவல் நிலையமும் நீதிமன்றமும் கூப்பிடு தொலைவிலே இருந்தன. நஞ்சு விற்பவன் ஒளிந்து விற்கவில்லை, ஊரறிய விற்றான். "எல்லாம் கல்வராயன் மலைச் சாராயம்" என்று எளிதாய்ப் பழிபோட முனைந்தவர்களும் இருந்தார்கள். மெத்தனால் மலையிலே காய்ப்பதில்லை. மரவள்ளியைப் போல மண்ணிலே விளைவதுமில்லை. ஆலையிலே செய்து, வண்டியிலே ஏற்றி, சாலை வழியே கொண்டுவரும் சரக்கு அது. சாலையிலே காவலுக்கு ஆள் உண்டு. அந்த ஆளுக்கு அரசாங்கச் சம்பளமும் உண்டு.

நடந்தது என்ன? மாவட்ட ஆட்சியர் மாற்றப்பட்டார். காவல் கண்காணிப்பாளர் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார். காவல்துறையினர் வேறு பலர் மீதும் அதே ஆணை பாய்ந்தது. சட்டமன்றத்திலே மதுவிலக்குச் சட்டம் திருத்தப்பட்டது. சாராயத்தால் உயிர் போனால் குற்றவாளிக்கு ஆயுள் சிறை வரை தண்டனை என்றாயிற்று. 2024 நவம்பர் 20 அன்று சென்னை உயர்நீதிமன்றம் வழக்கை நடுவண் புலனாய்வுத் துறையிடம் ஒப்படைத்தது. அதற்கு ஓராண்டுக்கு முன்பே, 2023 மே திங்களில், மரக்காணத்தை அடுத்த எக்கியார்குப்பத்திலும் செங்கல்பட்டு மாவட்டத்திலும் இதே மெத்தனால் இருபதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்திருந்தது. அப்போதும் ஆணைகள் பறந்தன. ஆணைகள் பறந்த ஓராண்டிலே கருணாபுரம் எரிந்தது.

"விதி முடிந்தது, போனார்கள்" என்கிறார் பழமைவாதி. "குடித்தான், செத்தான்" என்கிறார் ஒழுக்க வணிகர். பகுத்தறிவாளராகிய நாம் இரண்டையும் ஏற்பதற்கில்லை. நாம் புரட்ட வேண்டிய விதி ஒன்று உண்டு. அது தலையிலே எழுதப்பட்டதன்று; தாளிலே அச்சிடப்பட்டது. அதன் பெயர் பணிவிதி.

அரசமைப்புச் சட்டத்தின் பதினான்காம் பகுதி அரசுப் பணியாளரைப் பற்றியது. 309-ஆம் பிரிவு, பணியில் அமர்த்துவதற்கும் பணி நிலைமைகளுக்கும் விதி செய்யும் அதிகாரத்தைச் சட்டமன்றத்துக்கும், அது சட்டம் இயற்றும் வரையில் ஆளுநருக்கும் தருகிறது. 310-ஆம் பிரிவு, நடுவண் அரசின் பணியாளர் குடியரசுத் தலைவர் விரும்பும் வரையிலும், மாநிலப் பணியாளர் ஆளுநர் விரும்பும் வரையிலும் பதவியில் இருப்பர் என்கிறது. இங்கிலாந்து மன்னன் மனம் மகிழ்ந்தால் பதவி, முகம் சுளித்தால் வீடு என்றிருந்த காலத்தின் எச்சம் அது. அந்த மகிழ்ச்சிக்குப் பூட்டிய கடிவாளமே 311-ஆம் பிரிவு. அமர்த்திய அதிகாரியினும் கீழ்ப்பட்டவர் எவரையும் பணியிலிருந்து அகற்றக்கூடாது. குற்றச்சாட்டைத் தெரிவித்து, விசாரணை நடத்தி, மறுமொழி சொல்லத் தக்க வாய்ப்புத் தராமல் பணியறவோ, பணிநீக்கமோ, பதவி இறக்கமோ செய்யக்கூடாது. விலக்குகள் மூன்று: குற்றவியல் நீதிமன்றத்திலே தண்டனை பெற்றவர், விசாரணை நடத்த இயலாது என்று காரணத்தை எழுத்திலே பதிந்த நிலை, நாட்டின் பாதுகாப்பு.

இளைஞருள் சிலர் கொதிக்கிறார்கள்: "இந்த 311-தான் குற்றவாளிகளின் கோட்டை! கிழித்தெறியுங்கள்! ஒரே கையெழுத்தில் வீட்டுக்கு அனுப்புங்கள்!" கொதிப்பு நியாயமானது, குறி தவறானது. ஒரே கையெழுத்து என்ன செய்யும் என்பதைத் தமிழ்நாடு பார்த்திருக்கிறது. 2003 ஜூலையிலே வேலைநிறுத்தம் செய்த அரசு ஊழியரும் ஆசிரியருமாக ஒன்றரை இலட்சத்துக்கும் மேற்பட்டோர், விசாரணை ஏதுமின்றி வேலையிலிருந்து துரத்தப்பட்டார்கள். அவர்கள் நஞ்சு விற்பவனுக்கு வழிவிட்டவர்களா? கையூட்டு வாங்கியவர்களா? உரிமை கேட்டவர்கள்! கேள்வி கேட்காத கையெழுத்து முதலில் பாய்வது திருடன் மீதன்று. தலைநிமிர்ந்து நிற்பவன் மீது.

அந்தத் தலைநிமிர்வு நமக்கு எளிதாய் வந்ததா? ஒரு சிலரின் குடும்பச் சொத்தாய்க் கிடந்த அரசுப் பணியை எல்லார்க்கும் திறக்க நீதிக்கட்சி 1921-இலே வகுப்புவாரி ஆணை பிறப்பித்தது. 1927-இலே முத்தையா முதலியார் பன்னிரண்டு இடங்களைப் பங்கிட்டு அதற்கு உருவம் தந்தார். 1929-இலே, இந்திய மாகாணங்களில் முதலாவதாக, சென்னை மாகாணம் பணித் தேர்வாணையம் கண்டது. 1951-இலே உச்சநீதிமன்றம், மாவட்ட முன்சீப் பதவி பற்றிய வேங்கடரமணா வழக்கிலே, அந்த வகுப்புவாரி ஆணையை வீழ்த்தியது. கல்லூரி இடங்கள் பற்றிய செண்பகம் துரைராசன் வழக்கிலும் அதே தீர்ப்பு. தமிழ்நாடு கிளர்ந்தது; அரசமைப்புச் சட்டமே முதன்முறையாகத் திருத்தப்பட்டது. இத்தனை போரிட்டுப் பெற்ற நாற்காலியிலே, முதல் தலைமுறைப் பட்டதாரியின் மகனோ மகளோ அமர்ந்திருக்கையில், உள்ளூர்ப் பெரும்புள்ளியின் முகச்சுளிப்பு அவரை எழுப்பிவிடாதபடி காப்பது 311. ஆகவே கேடயத்தை உடைக்காதீர்! கேடயத்தின் பின்னே ஒளிந்திருப்பவனை விசாரணை மன்றத்துக்கு இழுத்து வாருங்கள்!

311 கேட்பது என்ன? குற்றச்சாட்டு, விசாரணை, மறுமொழி, ஆணை. நான்கே படிகள். ஆளவந்தார் எக்கட்சியினராயினும் இந்த நான்கு படிகளையும் ஏற அஞ்சுகிறார்கள்; பக்கத்திலே இருக்கும் சறுக்குமரத்திலே இறங்கிவிடுகிறார்கள். அந்தச் சறுக்குமரத்தின் பெயர் மாற்றல்!

தமிழ்நாட்டு ஒழுங்குமுறை விதிகளை எடுத்துப் பாருங்கள். 17-ஏ என்றாலும் 17-பி என்றாலும், ஆசிரியப் பணியிலிருக்கும் நம்மைப் போன்றோர் தூக்கத்திலும் திடுக்கிடுவோம். கண்டனம் உண்டு, ஊதிய உயர்வு நிறுத்தம் உண்டு, பதவி இறக்கம் உண்டு, கட்டாய ஓய்வு உண்டு, பணிநீக்கம் உண்டு, பணியறவு உண்டு. தண்டனைப் பட்டியலிலே மாற்றல் எங்கே? இல்லை! தண்டனைக்கு மாற்றாக மாற்றல் ஆணை போடுவது சட்டத்துக்குப் புறம்பானது என்று 2009-இலே சோமேஷ் திவாரி வழக்கில் உச்சநீதிமன்றமும் உரைத்துவிட்டது. மாற்றப்பட்டவர் குற்றமற்றவராயின் அவருக்கு அநீதி. குற்றமுடையவராயின் அவர் புதிதாய்ப் போய்ச் சேரும் ஊருக்கு அநீதி. இரண்டு பக்கமும் வெட்டும் கத்தி; வெட்டுப்படாதவர் ஆணையில் கையெழுத்திட்டவர் ஒருவரே.

பணியிடை நீக்கமோ எனின், அது விசாரணைக்கு வழிவிடும் ஏற்பாடு, தீர்ப்பு அன்று. நீக்கப்பட்டவர் பிழைப்பூதியம் பெறுகிறார். வேலை செய்யாமலே பெறுகிறார். மூன்று திங்களுக்குள் குற்றச்சாட்டுக் குறிப்பாணை வழங்காவிடில் பணியிடை நீக்கத்தை நீட்டிக்கலாகாது என்று 2015-இலே அஜய்குமார் சௌத்ரி வழக்கில் உச்சநீதிமன்றம் வரையறுத்தது. ஆகவே, ஊரார் ஆத்திரம் அடங்கும் வரை ஒருவரைத் திரைக்குப் பின்னே நிறுத்திவைத்து, ஆத்திரம் ஆறியபின் மீண்டும் மேடையேற்றுவதற்கு அது நாடகத் திரை அன்று. ஆட்சியரும் காவல் கண்காணிப்பாளரும் பெரும்பாலும் அகில இந்தியப் பணியினர்; அவர்களைப் பணியிலிருந்து அகற்றும் அதிகாரம் நடுவண் அரசுக்கே உண்டு; மாநில அரசால் அது இயலாது. தில்லியைக் காட்டிச் சென்னையும், சென்னையைக் காட்டித் தில்லியும் நழுவ, நடுவிலே கருணாபுரத்துத் தாய் நிற்கிறாள்.

மலைக்கு வருவோம். தண்டனை என்ற பெயரிலே மலைக்கு அனுப்பப்படுகிறவர் எந்த மனத்தோடு மலையேறுவார்? முதல் நாளே இறங்கும் வழி தேடுவார். பள்ளியிலே கரும்பலகை காத்திருக்கும். மருத்துவ நிலையத்திலே கருவுற்ற பெண் காத்திருப்பாள். அவரோ கோட்டையிலே மறுமாற்றலுக்குக் காத்திருப்பார். சாராய ஊறல் ஒன்றே பிழைப்பு என்று சில குடும்பங்கள் தள்ளப்பட்டதற்கு மலைமக்களின் குணத்தைக் காரணம் சொல்வது மூடநம்பிக்கை. வராத ஆசிரியரும் இல்லாத சாலையும் கிடைக்காத வேலையுமே காரணம். 2024 ஜூலையிலே உயர்நீதிமன்றம் தானே முன்வந்து கல்வராயன் மலைமக்களின் வாழ்நிலையை வழக்காக எடுக்க நேர்ந்ததென்றால், அத்தனை ஆண்டுகள் அந்த மலைக்கென்று சம்பளம் வாங்கியவர்களின் கடமை எங்கே போயிற்று?

பழம்பெருமை பேசுவோர் உடனே உத்தரமேரூரைக் காட்டுவார்கள். பத்தாம் நூற்றாண்டுக் குடவோலைக் கல்வெட்டிலே, முன்பு பொறுப்பிலிருந்து கணக்குக் காட்டாதவரும் அவர்தம் உறவினரும் மீண்டும் வரக்கூடாது என்று விதி உண்டே என்பார்கள். உண்டுதான், பாராட்டுவோம். அதே கல்வெட்டிலே, சொந்த நிலமும் வேதப் பயிற்சியும் உடையவர்க்கே குடத்தில் ஓலை என்றும் உண்டே, அதையும் படியுங்கள்! கணக்குக் கேட்டது அந்தக் காலம். கதவைச் சாத்தியதும் அதே காலம். கணக்குக் கேட்பதை வைத்துக்கொள்வோம், கதவைத் திறந்துவைப்போம். தமிழ்நாட்டின் 69 விழுக்காட்டு ஒதுக்கீட்டிலே பழங்குடியினர் பங்கு 1 விழுக்காடு. அந்த ஒன்றும் ஏட்டிலே மட்டும் நில்லாமல் ஆளாய் மலைக்கு வந்து சேர வேண்டும். மலையிலே பிறந்து படித்த மகளுக்கு மலைப்பள்ளி தண்டனைக் கூடம் அன்று, தாய்வீடு.

இறுதியாக ஒன்று: கணக்குக் கேட்க நமக்கு உரிமை உண்டா? தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005-இலே வந்தது; மகிழ்ந்தோம். 2012-இலே கிரீஷ் தேஷ்பாண்டே வழக்கில், ஓர் ஊழியர் பெற்ற குறிப்பாணைகளும் தண்டனைகளும் அவருக்கும் அவரை அமர்த்தியவருக்கும் இடைப்பட்ட சொந்தச் செய்திகள். பெரும் பொதுநலன் இருந்தாலொழிய வெளியிட வேண்டியதில்லை என்று உச்சநீதிமன்றம் சொன்னது. அவரை அமர்த்தியவர் யார்? ஆளுநர் என்கிறது தாள். சம்பளம் தருபவர் யார்? கருணாபுரத்துக் கூலியாள் வாங்கும் தீப்பெட்டியிலும் வரி இருக்கிறது! பொதுப்பணியிலே நேர்ந்த குற்றம் பொதுச்செய்தி; அதனைப் படுக்கையறைச் செய்தியாக்குவது மக்களாட்சிக்கு இழுக்கு.

ஆகவே நாம் கேட்பவை நான்கு. மக்கள் உயிரிழந்த நிகழ்ச்சிகளில் பொறுப்புடைய ஒவ்வொருவருக்கும் மூன்று திங்களுக்குள் குற்றச்சாட்டுக் குறிப்பாணை. ஓராண்டுக்குள் விசாரணை முடிவு. விடுவித்தாலும் தண்டித்தாலும் அந்த ஆணை, காரணங்களோடு, ஊராட்சி அலுவலகச் சுவரிலே தமிழிலே. மலைக்குத் தண்டனை மாற்றல் அறவே இல்லை; விரும்பி வருவோர்க்கும் மலைமக்களுக்குமே மலைப்பணி. இவற்றுள் எதற்கும் 311 தடையன்று. 311 சொல்வதைத் தான் செய்யச் சொல்கிறோம்!

இளைஞர்களே! அடுத்த முறை எவரேனும் "தண்ணியில்லாக் காட்டுக்கு மாற்றிவிட்டோம், தண்டித்துவிட்டோம்" என்று மார்தட்டினால், கைதட்டாதீர்கள். "குறிப்பாணை எங்கே? விசாரணை எங்கே? ஆணை எங்கே?" என்று கேளுங்கள். தலைவிதியை எழுதியவன் எவனும் இல்லை என்று நாம் தெளிந்துவிட்டோம். பணிவிதியை எழுதியவர்களோ நாம் வாக்களித்து அனுப்பியவர்கள். அவர்களைக் கேட்க நமக்கு வாய் இருக்கிறது.