தருமம் யார் காசில்?

ஸ்ரீரங்கம் ராஜகோபுரம் 236 அடி. முடிந்தது 1987-இல். இன்ன நிலைக்கு இன்னார் கொடுத்தார் என்று இன்றும் பேசுகிறார்கள். இளையராஜா பேரும் அதில் உண்டு. கல் சுமந்த சித்தாள் பேர்?

இன்றைய தருமக் காரியமும் அப்படித்தான். திருச்சிப் பக்கம் எங்க சேரிக்கு ஓர் அறக்கட்டளை வீடு கட்டியது. நான் கூலி கான்ட்ராக்ட் எடுத்த கொத்தனார். அஸ்திவாரம் முடிஞ்சது, லிண்டல் முடிஞ்சது, பில் மட்டும் அசையல. 'ஸ்பான்சர் பணம் வரல' என்று மாதக்கணக்கில் இழுத்தார்கள். சனிக்கிழமை சாயங்காலம் சித்தாளுக்கு அதைச் சொல்ல முடியுமா? நூத்துக்குப் பத்து வட்டிக்கு வாங்கிக் கூலி கொடுத்தேன். கேட்டதற்கு, 'உங்க சனத்துக்குத்தானே கட்டுறோம், பொறுத்துக்க மாட்டியா?'

பொறுப்பது எங்க குலத்தொழிலா? வட்டி கட்டியவன் நான். கல்வெட்டில் பேர் அவர்களுக்கு.

ஒப்பந்தக்காரர் கூலி தராவிட்டால் முதன்மை வேலையளிப்பவர் தரணும் என்றது 1970-ஆம் ஆண்டு ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம். 20 ஆள் இருந்தால். 2020 சட்டத் தொகுப்பு அதை 50 ஆக்கியது. எங்க செட்டில் 12 பேர். இந்த ரெண்டு கணக்கிலும் நாங்க இல்லை.

ஆகவே, தருமவான்களே, முழுப்பணத்தையும் வங்கியில் போட்டுவிட்டுக் கடைக்கால் தோண்டுங்கள். எங்க கடனில் உங்க புண்ணியம் வேண்டாம்.