பட்டா இல்லாதவர்களை எங்கே தேடுவது?

சரவணம்பட்டியில் சத்தி ரோட்டில் நின்று பார்த்தால் ஐ.டி. கம்பெனிகளின் கண்ணாடிக் கட்டடங்கள் தெரியும். 2011இல் கோவை மாநகராட்சியோடு சேர்த்த பிறகு இங்கே ஒரு சென்ட் என்ன விலை என்று எல்லோருக்கும் தெரியும். அந்த நிலத்தில் பண்ணயம் நடந்த காலத்தில் அதில் பாடுபட்டவர்கள் யார், அவர்கள் பிள்ளைகள் எங்கே போனார்கள் என்று கேட்டுப் பாருங்கள். பதில் சொல்ல ஆள் கிடைக்காது.

அந்தக் கேள்வியை எங்கள் படிப்பு வட்டத்துக்குக் கொண்டு வந்தவர் எங்கள் வளவில் இருக்கும் எண்பது தாண்டிய ஒரு பாட்டி. அவருடைய தாய்மாமனும் மாமன் சம்சாரமும் ஒரு மேஸ்திரியோடு மலைக்குப் போனவர்கள். திரும்பி வரவே இல்லை. எந்த மலை? வால்பாறையா, நீலகிரியா, கடல் தாண்டிக் கண்டிச் சீமையா? அவருக்குத் தெரியாது. "ஏங்கண்ணு, உலகத்துல இருக்கறதெல்லாம் செல்லுல தெரியுதுங்கறீங்க. எங்க மாமனையும் கொஞ்சம் தேடிப் பாருங்களே. எங்கம்மா சாகற வரைக்கும் வழியப் பாத்துட்டே கெடந்தா" என்றார்.

தேடப் போனோம். ஓர் அலுவலகத்தில் எங்களைக் கேட்ட முதல் கேள்வி: "அவங்க பேர்ல பட்டா இருந்துச்சா? சர்வே நம்பர் தெரியுமா?" நிலமே இல்லாதவர்கள் என்றோம். "அப்புறம் எதை வெச்சுத் தேடறது?" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார்கள்.

அந்த ஊழியரைத் திட்டிப் பயனில்லை. இந்த நாட்டில் ஆவணம் என்பதே நிலத்தைச் சுற்றிக் கட்டப்பட்டது. 'அ' பதிவேடு இணையத்தில் இருக்கிறது. சர்வே எண் போட்டால்தான் திறக்கும். தலைமுறை தலைமுறையாக அடுத்தவன் காட்டில் பண்ணையாளாக இருந்தவனுக்கு ஏது சர்வே எண்?

கொங்கு நாட்டில் வம்சாவளி தேடுவது புதிய விஷயமல்ல. ஆதிக்கச் சாதிகளுக்குக் குலம் உண்டு, கூட்டம் உண்டு, கூட்டத்துக்கு ஒரு கோயில் உண்டு, காணியூர் உண்டு. அவற்றைத் தொகுத்துப் புத்தகம் போடுகிறார்கள், வாட்ஸ்அப் குழு வைக்கிறார்கள். அதை யாரும் சாதி வேலை என்று சொல்வதில்லை, பாரம்பரியம் என்கிறார்கள். ஆனால் யார் யாருக்குப் பெண் கொடுக்கலாம் என்று தீர்மானிப்பதும் அதே குடும்ப மரம்தான். அகமணமே சாதியின் உயிர்நாடி என்று 1916இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் வாசித்த கட்டுரையில் அண்ணல் அம்பேத்கர் நிறுவினார். அந்த வம்சாவளிப் புத்தகங்கள் அகமணத்தின் கணக்குப் புத்தகங்கள். நமக்கு அப்படி ஒரு புத்தகம் வேண்டாம். பசியும் கடனும் பிரித்துப் போட்ட மனிதர்களைத்தான் நாம் தேடுகிறோம்.

நமக்கு ஆவணமே இல்லை என்பதும் பாதி உண்மைதான். உடைமைக்காரராக நம்மைப் பதியவில்லை. கூலியாக நன்றாகவே பதிந்திருக்கிறார்கள். 1860 முதல் 1911 வரை 1,52,184 பேரை ஒப்பந்தக் கூலிகளாகத் தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்குக் கப்பலேற்றினார்கள். அவர்களில் பெரும்பகுதியினர் சென்னைத் துறைமுகத்திலிருந்து போனவர்கள். ஒவ்வொருவருக்கும் ஓர் எண். எண்ணுக்கு எதிரே பெயர், தந்தை பெயர், வயது, சாதி, மாவட்டம், ஊர், உடம்பிலுள்ள அடையாளம். மொரீசியஸுக்குப் போனவர்களைப் புகைப்படம்கூட எடுத்தார்கள். அங்கே மோக்காவில் உள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தில் அந்த ஆவணங்கள் இருக்கின்றன. சரக்கைக் கணக்கெடுப்பது போல எடுத்த கணக்குதான். ஆனாலும் டர்பனில் இருக்கும் ஐந்தாம் தலைமுறைப் பெண் அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டு பூட்டன் ஊர் வரை வந்துவிட முடிகிறது.

சரவணம்பட்டியிலிருந்து வால்பாறை அரை நாள் பஸ் பயணம். அங்கே போனவர்களுக்கு அப்படி ஒரு பொதுப் பட்டியல் இல்லை. கடல் தாண்டாததால் கப்பல் பதிவு இல்லை. மேஸ்திரியின் நோட்டும் எஸ்டேட்டின் செக்ரோலும்தான். முன்பணம் வாங்கிவிட்டு வேலையை விட்டுப் போவதைக் குற்றமாக்கிய 1859ஆம் ஆண்டுச் சட்டம், 1925இல் நீக்கச் சட்டம் வரும் வரை இருந்தது. தப்பி ஓடியவன் சொந்தப் பேரையும் ஊரையும் வெளியே சொல்லுவானா? ஆனைமலை எஸ்டேட்டில் மருத்துவராக இருந்த பி.எச். டேனியல் அந்த வாழ்க்கையை 1969இல் ஆங்கிலத்தில் நாவலாக எழுதினார். இரா. முருகவேள் அதை 'எரியும் பனிக்காடு' என்று தமிழுக்குக் கொண்டு வந்தார். கட்டாயம் படியுங்கள். ஆனால் அதில் பாட்டியின் மாமன் பேரைத் தேட முடியாது.

இதெல்லாம் பழைய கதை, இப்போது எதற்கு என்று கேட்கும் தோழர்களுக்கு ஒரு வரலாறு சொல்கிறோம். 1948இல் இலங்கை ஒரு குடியுரிமைச் சட்டம் போட்டது. இலங்கையிலேயே பிறந்திருந்தாலும் போதாது. தந்தை அங்கே பிறந்தவர் என்றோ, இல்லையென்றால் தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் அங்கே பிறந்தவர்கள் என்றோ காட்ட வேண்டும். லயத்தில் பிறந்தவனிடம் பூட்டனின் பிறப்புச் சான்று இருக்குமா? ஏறத்தாழ 7 லட்சம் மலையகத் தமிழர்கள் நாடற்றவர்களானார்கள். அவர்களில் மிகப் பலர் நம்மைப் போலச் சேரியிலிருந்து போனவர்கள். 1964இல் சிறிமாவும் சாஸ்திரியும் ஒப்பந்தம் போட்டு 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பங்கு பிரித்தார்கள். அண்ணன் இங்கே, தம்பி அங்கே என்று குடும்பங்கள் உடைந்தன. இன்று பாட்டி தேடுவது போலவே, கூடலூரிலும் கோத்தகிரியிலும் கண்டியிலும் ஹட்டனிலும் யாரோ யாரையோ தேடிக்கொண்டிருக்கிறார்கள்.

அப்படித் தாயகம் திரும்பியவர்களின் பேரப்பிள்ளைகள் சாதிச் சான்றிதழுக்குப் போனால் என்ன கேட்கிறார்கள்? "தாத்தா எந்த ஊர்? ஆதாரம் எங்கே?" சான்றிதழ் இல்லையென்றால் உதவித்தொகை இல்லை, இட ஒதுக்கீடு இல்லை. அசாமில் 2019 ஆகஸ்ட் 31 அன்று வந்த இறுதிக் குடிமக்கள் பட்டியலில் 19 லட்சத்துக்கும் மேற்பட்டோர் விடுபட்டார்கள். அங்கேயும் கேட்டது முன்னோரின் காகிதத்தைத்தான். நம் பாட்டனின் பேரை எழுதி வைக்காத அதே அரசு, பாட்டன் பேரைக் கொண்டு வா என்று நம்மையே கேட்கிறது. இந்த அநியாயத்தைத்தான் நாம் பேச வேண்டும்.

அரசுக்கு இந்த வேலை தெரியாதென்று இல்லை. வெளிநாடு வாழ் இந்திய வம்சாவளியினர் இங்கே தங்கள் வேர்களைத் தேட 2008இல் ஒன்றிய அரசு ஒரு திட்டமே கொண்டு வந்தது. அப்போது கட்டணம் 30,000 ரூபாய். கட்ட முடிந்தவர்களுக்குத் தேடிக் கொடுக்கட்டும். கட்ட முடியாத பாட்டிக்கு எந்தத் திட்டம் இருக்கிறது?

ஆகவே நாம் கேட்கிறோம். பழைய நிலவரிப் பதிவேடுகளையும் பஞ்சமி நிலக் கோப்புகளையும் பெயர் போட்டுத் தேடும்படி திறந்து வையுங்கள். எஸ்டேட்டுகளில் கிடக்கும் செக்ரோல்களையும் ஆஸ்பத்திரி, இறப்புப் பதிவேடுகளையும் கரையான் அரிக்கும் முன் தமிழ்நாடு ஆவணக் காப்பகத்துக்கு எடுத்து வாருங்கள். சாதிச் சான்றிதழ் விசாரணையில் உறவினர், ஊர்ப் பெரியவர் வாக்குமூலத்தைப் பட்டாவுக்குச் சமமாக ஏற்றுக்கொள்ளுங்கள்.

அரசிடம் கேட்டுக்கொண்டே நாமும் செய்ய வேண்டியது இருக்கிறது. நம் வீட்டில் பெரியவர்கள் "அதெல்லாம் எதுக்குக் கேக்கற" என்று பேச்சை மாற்றுவார்கள். அதை மறதி என்று நினைக்காதீர்கள். லண்டன் வட்டமேசை மாநாட்டுக்கே போன இரட்டைமலை சீனிவாசன், இதே கோவையில் படித்த காலத்தில் தன் சாதியும் ஊரும் இருப்பிடமும் தெரிந்துவிடுமோ என்று பயந்து சக மாணவர்களோடு விளையாடாமல் ஒதுங்கி இருந்ததை 1939இல் தன் சுயசரிதையில் எழுதினார். அவருக்கே அந்த நிலை. பேசாமல் இருப்பது நம்மவர்களுக்குப் பாதுகாப்பாக இருந்திருக்கிறது. மெதுவாகக் கேளுங்கள். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். சொன்னதை அவர்கள் அனுமதியில்லாமல் எங்கேயும் போடாதீர்கள்.

கேட்கும்போது பேரை மட்டும் கேட்காதீர்கள். கருப்பன், சின்னான், ராமன் என்று ஆயிரம் பேர் வருவார்கள். பட்டப்பேர் என்ன, எந்த ஊர் மேஸ்திரி, பொள்ளாச்சிப் பக்கம் போனார்களா மேட்டுப்பாளையம் பக்கம் போனார்களா, எஸ்டேட்டைத் தமிழில் என்ன பேர் சொல்லிக் கூப்பிட்டார்கள், கும்பிட்ட சாமி எது, வீட்டில் பேசியது தெலுங்கா கன்னடமா என்று கேளுங்கள். பள்ளிச் சேர்க்கைப் பதிவேட்டைப் பாருங்கள். கோவையில் 1830 முதல் லண்டன் மிஷன் இருந்திருக்கிறது. குடும்பத்தில் யாராவது மதம் மாறியிருந்தால் ஞானஸ்நானப் பதிவேட்டையும் கேட்டுப் பாருங்கள். முக்கியமாக, அம்மா வழியை விடாதீர்கள். அரசு அப்பன் பேரை மட்டும் கேட்கும். பாட்டியின் மாமனை அப்பன் வழியில் போய்க் கண்டுபிடிக்கவே முடியாது.

பாட்டியின் மாமன் இன்னும் கிடைக்கவில்லை. மாமன் பேர், மாமன் சம்சாரம் பேர், கூடத் தூக்கிக்கொண்டு போன கைக்குழந்தை பேர் என மூன்று பேரையும் பாட்டி சொல்லச் சொல்ல எழுதி, அவர் குரலையும் பதிவு செய்து வைத்திருக்கிறோம். எழுதி முடித்ததும் நோட்டை வாங்கித் தடவிப் பார்த்தார். படிக்கத் தெரியாது. "மூணு பேரும் இதுல இருக்காங்களா?" என்று கேட்டார். இருக்கிறார்கள் என்றோம். நமக்குத் தெரிந்தவரை அவர்கள் பேர் ஒரு காகிதத்தில் ஏறியது அதுதான் முதல் தடவை.

தோழர்களே, உங்கள் வளவிலும் ஒரு பாட்டி இருப்பார். இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு போய் உட்காருங்கள்.

ஜெய்பீம்.