புகைக்கு வாசல் தெரியும்

காற்றுக்குச் சாதியில்லை என்று மேடை போட்டுப் பேசுகிறார்கள். தூத்துக்குடி உப்பளத்தில் ஒரு நாள் நின்றுவிட்டு வந்து பேசட்டும்.

1993இல் ரத்னகிரி விவசாயிகள் எதிர்த்து விரட்டிய தாமிர உருக்காலைக்கு 1994இல் இங்கே அடிக்கல் நாட்டினார்கள். அங்கே மாந்தோப்பு கெடும் என்றால் நியாயம். இங்கே மனுச நெஞ்சு கெட்டால்?

தாமிரத் தாதுவை உருக்கினால் அதிலுள்ள கந்தகம் நச்சு வாயுவாகக் கிளம்பும். அதைப் பிடித்து அமிலமாக்க வேண்டும். பிடி நழுவினால் ஊர் இருமும். 2013 மார்ச் 23 காலையில் ஊரே இருமியது. கண் எரிந்தது, தொண்டை அடைத்தது. மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் மூடியது. பசுமைத் தீர்ப்பாயம் அதே வருடம் திறந்துவிட்டது.

புகை வந்தால் 'வீட்டுக்குள்ள போயி கதவ அடைச்சிக்கிடுங்க' என்பார்கள். உப்புப் பாத்தியில நிக்கிறவளுக்குக் கதவு ஏது? சாக்கடை அள்ளுகிறவனுக்கு சன்னல் ஏது? 2020இல் கலிஃபோர்னியாவில் காட்டுத்தீப் புகையால் வானமே செம்மஞ்சளானபோதும் இதே கதைதான். வசதியுள்ளவன் உள்ளே, மெக்சிகோவிலிருந்து போன கூலிகள் வயலிலே.

2018 மே 22, போராட்டத்தின் நூறாவது நாள். கடற்கரையும் கிராமமும் சேர்ந்து நடந்தன. துப்பாக்கி பேசியது. பதின்மூன்று பேர் செத்தார்கள். அருணா ஜெகதீசன் ஆணையம் 17 காவலர்கள் மீது நடவடிக்கை கேட்டது. 2024 பிப்ரவரி 29இல் ஆலையைத் திறக்கக் கேட்ட மனுவை உச்சநீதிமன்றம் தள்ளியது.

இத்தோடு முடிந்ததா? இல்லை. நிலக்கரி துறைமுகத்தில் இறங்கத்தான் செய்கிறது. அனல்மின் நிலையச் சாம்பல் யார் குடிசைமேல் விழுகிறது என்று சொல்ல ஆணையம் வேண்டாம்.

ஒன்றை மறைக்காமல் பேசுவோம். ஆலை மூடியதும் ஒப்பந்தக் கூலிகளின் அடுப்பு அணைந்தது. அவர்களைத் துரோகி என்று ஏசுவது எளிது, அது நம் வேலையல்ல. 'வேலை வேணுமா, மூச்சு வேணுமா' என்று ஏழையிடம் மட்டும்தானே கேட்கிறார்கள்? முதலாளி பிள்ளையிடம் யாராவது கேட்டதுண்டா?

இரண்டும் வேண்டும். வேலையிழந்தவனுக்கு மாற்று வேலையும், உப்பளத்துப் பெண்ணுக்குப் புகை நாளில் கூலியோடு விடுப்பும் கேட்போம். இது பிச்சையில்லை. எங்கள் நெஞ்சில் படிந்த கரிக்குக் கணக்குக் கேட்கிறோம்.